மேலே வந்தவன்

பேய் இருக்கிறதா இல்லையா என்று ஆராய்ச்சி செய்கிற ஆள் நான் இல்லை. ஏனென்றால் எங்கள் ஆட்களுக்குள் பேயாக வேலை பார்த்ததே நான்தான். கிரின்ஸ்டெட்டில் யாருடைய வீட்டுக் கொண்டாட்டம் என்றாலும் விளக்கை அணைத்துவிட்டு வெள்ளைத் துணியோடு மேல்மாடியில் இருந்து இறங்குவது யார் என்று கேட்டுப் பாருங்கள், என் பெயரைத்தான் சொல்வார்கள். அதனால் இதையும் இன்னொரு பகிடி என்று நீங்கள் நினைத்தால் நான் கோபிக்க மாட்டேன், இது பகிடியாக இருந்திருந்தால் எனக்கும் நல்லதுதான்.

நான் வேலைக்கு நின்ற தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது என் தங்கை மாலாவின் கணவன் சிவாதான் தன்னுடைய வேலையிடத்தில் என்னைச் சேர்த்துவிட்டான். இந்த டேனிஷ் நாட்டின் கிழக்கு யூலாந்துக் கரையில் பழைய கப்பல்களைத் துண்டு துண்டாக வெட்டுகிற இடம். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, மச்சான் என்றும் நீ என்றும்தான் கதை. காலையில் இருட்டோடு என் காரில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேலே ஓட்டம், அவன் பக்கத்து இருக்கையில் இருந்தபடி என் ஓட்டத்துக்குக் குறை சொல்லிக்கொண்டே வருவான்.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் அங்கே இழுத்துவரப்பட்டது ஒரு பெரிய பயணிகள் கப்பல். அதற்கு அதுவரை நாலு பெயர் மாறியிருந்தது. பெயரை எழுதினால் வாசிப்பதை விட்டுவிட்டு இணையத்தில் தேடப் போய்விடுவீர்கள், ஆகவே நாங்கள் கூப்பிட்டதுபோலக் கிழவி என்றே வைத்துக்கொள்வோம். கிழவி இளமையில் அத்திலாந்திக்கைக் கடந்து போய்வந்தவள். ஒரு குளிர்காலத்தில் நடுக்கடலில் வேறொரு கப்பல் தீப்பிடிக்க, இவள் தன் வழியை விட்டுத் திரும்பி, இருந்த விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நின்று, படகுகளை இறக்கி விடியும்வரை ஆட்களை ஏற்றினாளாம். அதன் பிறகு விமானங்கள் வந்து அவளுடைய பிழைப்பைக் கெடுத்தன. பென்சன்காரரை வெயில் காயக் கொண்டுபோனாள், ஒரு துறைமுகத்தில் கட்டப்பட்டு அகதிகளுக்கு வீடாக இருந்தாள், கடலில் எண்ணெய் எடுக்கிற ஆட்களுக்கு விடுதியாக இருந்தாள், கடைசியில் ஒன்றுமில்லாமல் துருப்பிடித்துக் கிடந்தாள். உயிர் தப்பியவர்கள் நன்றிக்குக் கொடுத்த பித்தளைப் பலகையை யாரோ முன்னமே கழற்றியிருந்தார்கள், சுவரில் நாலு ஓட்டைதான் மிச்சம்.

இதையெல்லாம் எங்கள் போர்மன் யென்ஸ் கோப்பி இடைவேளையில் சொன்னான். எல்லோரையும் ஏற்றிய பிறகு கிழவியின் மாலுமி ஒருவன் கடைசி ஆள் ஒருவரைத் தேடி எரிகிற கப்பலுக்குள் திரும்பிப் போனானாம், அந்த ஆள் மேலே வந்தாராம், மாலுமி வரவில்லையாம். அவன் இன்னும் ஓவர்டைம் செய்துகொண்டிருப்பான் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், யென்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

கப்பலுக்குள் ஏறுகிற படியின் தலைப்பில் ஒரு பலகை, அதில் ஆளுக்கொரு தகடு. உள்ளே போகும்போது சிவப்புப் பக்கத்தைத் திருப்ப வேண்டும், வெளியே வந்தால் பச்சை. மறந்தவன் அடுத்த வேலைநாளில் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும், இந்த நாட்டில் பிழை விட்டவனுக்குக் கேக்தான் தண்டனை. இது நடந்த வாரம் நான் இரண்டு தரம் மறந்து இரண்டு கேக் வாங்கியிருந்தேன். சிவா ஒருநாளும் மறந்ததில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் மேலே வந்தபோது அவன் அடித்தட்டில், எண்ணெய்த் தாங்கிக்குள் கசடு சுரண்டிக்கொண்டிருந்தான். அவனுடைய தகட்டைப் பச்சைக்குத் திருப்பினேன். அவன் வந்து பார்த்து முழிப்பான், யென்ஸ் கேக் கேட்பான், அவ்வளவுதான் என் திட்டம். பிறகு குளிக்கப் போனேன். தனியே சிரித்துச் சிரித்துத் தலைக்குச் சவர்க்காரம் போட்டது இன்னும் நினைவிருக்கிறது.

உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வந்தால் கப்பலில் ஒரு வெளிச்சமும் இல்லை. கீழ்த்தட்டுகளுக்குக் காற்று ஊதுகிற இயந்திரத்தின் இரைச்சலும் இல்லை. பலகை முழுக்கப் பச்சையைக் கண்ட யென்ஸ் எல்லாவற்றையும் நிறுத்தி, மின்விசைப்பெட்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தான். மூன்றரை மணிதான், ஆனால் மார்கழி, இருட்டத் தொடங்கிவிட்டது.

துரு என்பது காற்றில் இருக்கிற பிராணவாயுவைத் தின்கிற சாமான் என்று முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். காற்று ஊதாவிட்டால் அடித்தட்டில் மூச்சு முட்டாது, இருமல் வராது, நித்திரை வருவதுபோல இருக்கும், அதன் பிறகு எழும்புவதில்லை.

கையில் தொலைபேசி இருந்தது. அவசர இலக்கத்தை அழுத்தியிருக்க வேண்டும். உள்ளே ஆள் இருக்க எப்படிப் பச்சையாக இருந்தது என்று கேட்பார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். தங்கையின் புருஷன் கீழே செத்துக்கொண்டிருக்க நான் யோசித்தது அதைத்தான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, தலைக்கு லைட்டைக் கட்டிக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் உள்ளே ஓடினேன்.

என் ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வயிறு முன்னே போகும், நான் அதைப் பிடிக்கப் பின்னே போவேன். தேவாரம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் ஏழாம் வாய்பாடு வருகிறது. மூன்று தட்டு இறங்கியிருப்பேன், நாலாவது படிக்கட்டில் கால் பஞ்சுபோல ஆகிவிட்டது, லைட் மங்கி அணைந்தது. சிவா என்று கத்தினேன். கப்பல் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது, எதிரொலி கூட வரவில்லை.

அப்போது என் இடது தோளுக்குக் கீழே, கமக்கட்டுக்குள் ஒரு கை வந்தது.

நம்பினால் நம்புங்கள். ஈரமான கம்பளிக் கையுறை போட்ட கை. அது என்னைத் தூக்கி ஒரு படி மேலே வைத்தது, அங்கே இன்னொரு கை வலப்பக்கத்தில் பிடித்தது, அது விட இன்னொன்று. லொறியில் இருந்து அரிசி மூட்டை இறக்கும்போது வரிசையாக நின்று கைமாற்றுவார்களே, அதுபோல. மூச்சுச் சத்தம் கூட இல்லை. எனக்கு ஆள் வேண்டியிருந்தது கீழே, அவர்கள் என்னை அனுப்பியது மேலே. கீழை ஆள் இருக்கு, விடுங்கோ என்று தமிழில் கத்தினேன், டேனிஷில் கத்தினேன், அடித்தேன், ஒரு கையைக் கடித்துக்கூடப் பார்த்தேன். வாய்க்குள் உப்புத் தண்ணீர் வந்தது. அவர்களுக்கு நான் ஒரு மூட்டை, அவ்வளவுதான்.

மேலே, படகுகள் தொங்குகிற தட்டில், குளிர்காற்றுக்குள் நாலு காலில் நின்று சத்தி எடுத்தேன். தலையில் லைட் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கைபிடிக் கம்பியில் சாய்ந்தபடி, தலை முதல் கால் வரை எண்ணெய் பூசிக்கொண்டு, உயிரோடு, சிவா. தலையில் ஒரு லைட் எரிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலால் நான் வந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சத்தைக் கண்டு வேலையிடத்து வாசற் காவலாளி வந்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டு எங்களை ஏற்றும்வரை அப்படியேதான் பார்த்தான்.

பிராணவாயு குறைந்தால் மூளை இப்படிப் பல படம் காட்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் சொன்னாள். எனக்கு அவளைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

சிவா தகட்டில் பிழை விட்டுவிட்டான் என்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள். விசாரித்தவர்களுக்கு அவனும் ஓம் என்றுதான் சொன்னான். வேலைக்குத் திரும்பிய நாளில் கேக் கொண்டுவந்தான். நான் ஒரு துண்டு சாப்பிட்டேன். நீங்கள் என்னைத் திட்டலாம்.

ஆனால் அன்றிலிருந்து அவன் காரில் பின் இருக்கையில்தான் ஏறினான். என் ஓட்டத்துக்குக் குறை சொல்வதும் நின்றுவிட்டது. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, மாலா சாமான் வாங்கக் கடைக்குள் போக, நாங்கள் இரண்டு பேரும் காருக்குள் இருந்தோம். என்னடா பிறத்தியாளோடை இருக்கிற மாதிரி இருக்கிறாய் என்று கேட்டேன். கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"அண்டைக்குக் கீழை ஒருத்தன் வந்தவன். உங்கடை முகம்தான். வந்து முதல் சொன்னது, மச்சான், தகட்டைத் திருப்பினது நான்தான், பகிடிக்குச் செய்தனான், என்னை மன்னிச்சுக்கொள் எண்டு. குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதவன். பிறகு தன்ரை லைட்டைக் கழட்டி என்ரை தலையிலை கொழுவிவிட்டு, நீ போ எண்டவன். தான் அதிலையே இருந்திட்டான்."

தகடு திருப்பியதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. மனைவிக்குக்கூட.

"அது நான்தானடா," என்றேன்.

"இல்லை. அவன் மன்னிப்புக் கேட்டவன், நான் சரி எண்டனான். மேலை வருவானெண்டுதான் குளிருக்கை பாத்துக்கொண்டு இருந்தனான். நீங்கள் வந்தியள்."

மாலா பைகளோடு வந்துவிட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதை எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். நான் உண்மையிலேயே அடித்தட்டு வரை போய், அழுது, ஒப்புக்கொண்டு, லைட்டைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் மறந்திருக்கலாம். டாக்டரின் கணக்குக்கு அது சரிவரும். ஆனால் என்னை எனக்குத் தெரியும். அவசர இலக்கத்தை அழுத்த வெட்கப்பட்டவன், அந்த இருட்டில் போய் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டான். பங்குனியில் கிழவியின் அடித்தட்டை வெட்டினார்கள். அந்த வாரம் முழுக்கச் சுகமில்லை என்று சொல்லி வீட்டில் படுத்திருந்தேன். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்றார்கள், நான் கேட்காமலே.

இன்றுவரை நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏற்கனவே கேட்டாயிற்று, கொடுத்தும் ஆயிற்று. இனி நான் யார் கேட்க.

போன மார்கழியில், அந்த வெள்ளிக்கிழமை போய் ஒரு வருடம் ஆகிற நேரம், மாலா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். போனால் வீட்டில் மரக்கறிச் சமையல், சாமியறையில் வாழையிலை போட்டுப் படையல், குத்துவிளக்கு எரிகிறது, ஆனால் செத்தவரின் படம் ஒன்றும் இல்லை. சிவாவின் தாய் தகப்பன் இரண்டு பேரும் கனடாவில் நல்ல சுகமாக இருக்கிறார்கள். யாருக்குத் திவசம் என்று நான் மாலாவைக் கேட்டேன்.

"தெரியாதண்ணா. இந்தத் திதியிலை செய்யவேணும் எண்டு நிண்டவர். கறியெல்லாம் தானே சொல்லிச் செய்விச்சவர்."

எட்டிப் பார்த்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், வாழைக்காய்ப் பொரியல், உழுந்து வடை. ஒன்று தவறாமல் எல்லாம் எனக்குப் பிடித்தது. வடையைக் கருக விட்டால்தான் நான் தின்பேன், அதுவும் கருகியிருந்தது.

பந்தியில் இருந்தோம். படைத்த இலையில் இருந்து எல்லோருக்கும் கொஞ்சம் போடுவதுதானே வழக்கம், மாலா கரண்டியோடு முதலில் என்னிடம் வந்தாள். சிவா எழும்பி வந்து அவளுடைய கையை மெல்லப் பிடித்தான்.

"அதை இவருக்குப் போடாதையும்," என்றான். "அது மச்சானுக்கு வைச்சது."