ஆயில்யத்தன்று ஊசி

முதலில் வாய்க்குள்தான் கொப்புளம் வந்தது. ரசம் குடித்தால்கூட உயிர் போய்விடும். பிறகு முதுகு, நெஞ்சு, தொடை என்று இறங்கியது. கொப்புளம் உடைந்தால் தோலும் சேர்ந்து உரியும். துணி ஒட்டிக்கொள்ளும் என்று வாழையிலை விரித்துத்தான் படுத்தேன். நெய்யாற்றின்கரை டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை தந்தார். முகம் வீங்கியதுதான் மிச்சம். கூட இன்னொரு மாத்திரை சேர்த்தார். அதற்கும் அடங்கவில்லை.

அதற்குள் ஊர் காரணம் கண்டுபிடித்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாம்புக்காவு உண்டு, நாகத்தை வைத்துக் கும்பிடும் மரத்தோப்பு. தீட்டோடு அந்த வழியே போயிருப்பேனாம், நாகம் சபித்துவிட்டதாம். கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். புண்ணும் எனக்கு, பழியும் எனக்கா?

திருவனந்தபுரத்து டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தோலைப் பகையென்று நினைத்து அடிக்கிறதாம். அதைக் கிளப்பிவிடும் அணுக்களை ஒழிக்க ஒரு மருந்து உண்டு, டிரிப்பில் ஏற்ற வேண்டும். நோய்த்தொற்று வரலாம், கொப்புளம் திரும்பியும் வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. "பேடிக்கண்டா", பயப்படாதே என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கையை யாரும் தொட்டு வெகுநாளாகியிருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

ஊசிக்குக் குறித்த நாள் ஆயில்யமாகப் போயிற்று. அது நாகத்தின் நட்சத்திரம். அன்று காவில் நூறும் பாலும் கொடுக்க என் மைனி, வீட்டுக்காரரின் அக்காள், ஏற்பாடு செய்துவிட்டார். மஞ்சளும் அரிசிமாவும் பாலும் நாகத்துக்குப் படைக்கிற வழிபாடு. பிழை பொறுக்கச் சொல்லி நான் விழுந்து கும்பிட வேண்டுமாம்.

"எட்டி, ஊசி எங்க ஓடியா போவும்? இண்ணைக்கு நீ விழுந்தாத்தான் சாபம் மாறும். வெளையாட்டு இல்லை ஆக்கும்."

"அக்கா சொல்லுகதையும் கேளேன்" என்று முனகினார் வீட்டுக்காரர்.

"மைனி, பாலை நீங்க ஊத்துங்க. நாகராஜாவுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லை. ஆனா செய்யாத தப்புக்கு நான் விழ மாட்டேன்." வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "ஆட்டோ விளிக்குதியளா, நான் நடக்கட்டா?"

ஆட்டோ வந்தது.

மருந்து ஏறும்போது குளிரில் உடம்பு தூக்கிப் போட்டது. பயந்தேன், ஏன் பொய் சொல்ல? செத்தாலும் ஊசியில் சாவேன், ஊர் வாயில் விழுந்து சாக மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த டோஸும் போட்டு, மாதங்கள் போக, புதுக் கொப்புளம் வருவது நின்றது. பழைய புண்கள் காய்ந்து கறுத்தன. ஒரு மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் எரிப்பான மீன்குழம்பும் வயிறு முட்டத் தின்றேன். மைனி எதிரே இருந்து கண்கலங்கப் பார்த்தார். பாசம் இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன்.

"பாத்தியா மக்கா, நாகராஜா உன்னை மன்னிச்சிட்டாரு."

கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தேன்.

"மன்னிக்கதுக்கு நான் என்ன மைனி செய்தேன்?"