பெருமாள் படியேறிய சனிக்கிழமை

புரட்டாசி சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் செவிலிமேட்டுத் தெருவில் பெருமாள் படம் வீடு வீடாக வரும். மேளம், ஆர்மோனியம் ஒன்றும் கிடையாது. வாயும் கையும்தான். எந்த வீட்டு வாசலில் படம் நிற்கிறதோ, அந்த வீட்டுப் பெண் அப்போது மனசில் தோன்றுகிற ஒரு வரியைச் சொந்தமாகப் பாட வேண்டும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு விதமாக இழுத்து, வளைத்துப் பாடுவார்கள். அதற்குப் பிறகுதான் படம் படியேறும். யார் வைத்த வழக்கமோ தெரியாது.

அந்த வருஷம் எனக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் இருக்கும். பேசினாலே பாதி காற்று. பெருமாள் வாசலோடு திரும்பிவிடுவாரோ என்று மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"நான் வேணா பாடறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

எதிர் வீட்டுக்காரி விடவில்லை. "வேணாண்ணா. நீங்க பாடினா பெருமாள் தானே இறங்கி பஸ் ஏறிடுவாரு."

படம் வந்து நின்றது. கற்பூரப் புகையில் மஞ்சள் வெயில் கலந்து, தெருவே தண்ணீருக்குள் இருப்பதுபோல அசைந்தது. எல்லாரும் வாயை மூடி, 'ம்' என்று ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். வாயைத் திறந்தேன். வெறும் காற்று. மறுபடி திறந்தேன். அடித்தொண்டையிலிருந்து ஆம்பிளைக் குரல்போல ஒன்று வந்தது.

"நடந்து நடந்து களைச்சிருப்பே, உள்ள வாப்பா கோவிந்தா..."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"நிறுத்தாதக்கா" என்று காதோரம் சொன்ன எதிர் வீட்டுக்காரி, தன் குரலை என் பள்ளத்துக்கு இறக்கினாள். பின்னாலேயே ஒவ்வொருத்தராக இறங்கி வந்தார்கள். பாதிப்பேர் பட்டு நெய்கிறவர்கள். கைதட்டல் தானாகவே தறி அடிக்கிற தாளத்துக்குப் போய்விட்டது. அவ்வளவு தாழ்வாகப் பாடி யாருக்கும் பழக்கமில்லை. குரல்கள் தடுமாறி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. நான் வேறெங்கோ மிதந்துகொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ, அந்தப் பெருமாளுக்குத்தான் தெரியும்.

யாரோ தோளைத் தொட்டார்கள். எதிர் வீட்டுக்காரிதான், எங்கள் வாசற்படியில் நின்றுகொண்டு.

"என்னக்கா, இன்னும் தெருவிலேயே நின்னுக்கினு இருக்கே? பெருமாள் எப்பவோ உள்ள போயிட்டாரு. வெளியே நீதான் இருக்கே."