சாகின்பெக்கின் இரண்டாவது தட்டு

பிஷ்கேக்கில் எங்கள் ஓபரா இசைக்குழுவில் சாகின்பெக் பத்தொன்பது வருடமாக இரண்டாம் டிரம்பெட். நான் புல்லாங்குழல், அவனுக்கு முன் வரிசை. அவன் வாசிப்பின் குறையெல்லாம் முதலில் என் பிடரியில்தான் வந்து விழும்.

குறை ஒன்றே ஒன்றுதான். ஸ்வரங்கள் வேகமாக ஓடும் இடத்தில் நாக்கின் நுனி மட்டும் தட்டினால் ஈடுகொடுக்காது. நுனி ‘தா’ என்று தட்ட, பின் நாக்கு ‘க்கா’ என்று தட்ட வேண்டும், மாறி மாறி, ஒரே அளவாக. சாகின்பெக்குக்கு ‘தா’ முத்து முத்தாக விழும். ‘க்கா’ மட்டும் நொண்டிக்கொண்டு பின்னால் வரும். டிரம்பெட்டில் உதடு வைக்கும் ஊதுவாயை மூன்று முறை மாற்றினான், பல்லைக் குறை சொன்னான், குளிரைத் திட்டினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். இதை நான் ஒருமுறை சொல்லிவிட்டு மூன்று நாள் அவன் என்னோடு பேசாமல் இருந்ததைப் பார்த்தேன்.

போன மார்ச்சில் முதல் டிரம்பெட்காரர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்குத் தேர்வு அறிவித்தார்கள். சாகின்பெக்குக்கு வயது நாற்பத்தெட்டு. இதை விட்டால் கடைசிவரை இரண்டாம் நாற்காலிதான்.

அவன் மனைவி புருல், மழலையர் பள்ளியில் பிள்ளைகளின் திக்கலையும் குழறலையும் திருத்துகிறவள். ஆனால் அவன் வாசிக்கும்போது வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது என்பது கல்யாணமான நாள் முதல் சட்டம். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஆத்திரத்தில் ஊதுவாயைப் பிடுங்கி எறிந்தான். அது புருலின் காலடியில் உருண்டது.

“இது இல்லாம வெறும் வாயால சொல்லுங்க” என்றாள். அவன் ‘தா-க்கா’ என்று சொல்லிக் காட்டினான்.

“அடித்தொண்டையில இருந்து வருது. ‘தெ-க்கெ’ன்னு சொல்லிப் பாருங்க.”

கிர்கிஸ் மொழி பேசும் எங்கள் வாய் அப்படி. ‘க்கா’ தொண்டைக்குள் இறங்கிவிடும், ‘க்கெ’ அண்ணத்திலேயே நிற்கும். அவனுக்குக் கற்றுக்கொடுத்த ரஷ்யருக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால் தெரியவும் இல்லை. சாகின்பெக் ‘தெ-க்கெ’ என்று வைத்து ஊதினான். இரண்டு தட்டும் ஒரே அளவில் விழுந்தன.

சந்தோஷப்பட வேண்டியவன் அவள்மேல் பாய்ந்தான். “இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?”

“வாயைத் தெறக்கக் கூடாதுன்னது யாரு?”

தேர்வன்று நான் கதவருகே நின்று கேட்டேன், முதல் இரண்டு வரி அருமையாகப் போயிற்று. மூன்றாவது வரியில் பழைய வழக்கம் வென்றது, நாக்கு தொண்டைக்கே போய்விட்டது. நாற்காலி ஓஷ் ஊரிலிருந்து வந்த ஒருவனுக்குப் போனது. எனக்கு அழுகையே வந்தது.

வெளியே வந்த இசைக்குழு நடத்துநர் எங்களை நிறுத்தினார். முதல் இரண்டு வரியை அன்று வேறு யாரும் அப்படி வாசிக்கவில்லை என்றார். யாரிடம் கற்றாய் என்று கேட்டார்.

“நானே கண்டுபிடிச்சதுங்க” என்றான் சாகின்பெக்.

வீட்டில் அவன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான், இதையும் சேர்த்து. புருல் எங்களுக்கு லக்மான் நூடுல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“நாற்காலி போனா போகுது” என்றாள். “என் பேரை ஒரு தடவ சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சிருக்கும்?”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும்தான். நடத்துநர் கேட்டபோது பக்கத்தில் நின்ற நானாவது அவள் பேரைச் சொல்லியிருக்கலாம்.