பெயர் பிரிக்கும் பருவம்

தொம், தொம், தொம். பிறகு ஒரு மௌனம். பிறகு இரும்பு வளையம் அதிரும் ஓசை, அல்லது ஒன்றுமே இல்லை. இலங்கையின் மலைநாட்டில் நான் படித்த பல்கலைக்கழகத்தில் பெண்கள் விடுதிக்குக் கீழே ஒரு கூடைப்பந்துத் திடல் இருந்தது. சன்னலை ஒரு பெரிய மரம் மறைத்து நின்றதால் ஆடுகிறவர்களை நான் ஒருநாளும் கண்டதில்லை. பந்து கையை விட்டுப் போவதற்கும் வளையத்தைச் சேர்வதற்கும் இடையில் விழுகிற அந்த மௌனத்தைக் கேட்டபடிதான் செய்யுள் மனனம் செய்தேன்.

அந்தப் பந்து வயதான காலத்தில் சிட்னியில் எனக்குச் சோறு போடும் என்று எந்தச் சாத்திரியும் சொல்லவில்லை. ஹரிஸ் பார்க்கில், ஓர் இனிப்புக் கடைக்குப் பக்கத்தில், உடுப்புத் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் ஒருவரும் சந்தோஷமாகப் படியேறுவதில்லை. பெருத்தவர், மெலிந்தவர், கல்யாணம் நின்றுபோனவர் என்று எல்லோரும் ஏதோ ஒன்று முன்போல இல்லை என்கிற முறைப்பாட்டோடுதான் வருவார்கள். முடி வெட்டுகிறவரோ பல் கட்டுகிறவரோ இதை வாசிக்கிறீர்களென்றால் நான் சொல்வது உங்களுக்கு விளங்கும். ஆனால் பெருத்தவரையும் மெலிந்தவரையும் சமாளித்துவிடலாம். கூடைப்பந்து ரசிகர்களைச் சமாளிக்க முடியாது.

சித்திரைக் கோபம்

எங்கள் சனம் வருஷப் பிறப்புக்கு உடுப்புத் தைக்க வருகிற அதே நாட்களில் இந்த ரசிகர்களும் வருவார்கள். ஆட்டப் பருவம் முடிந்து, ஒப்பந்தம் தீர்ந்த ஆட்டக்காரர்கள் விரும்பிய அணியோடு பேசலாம் என்று கதவு திறந்துவிடுகிற காலம் அது. போனில் ஒரு செய்தி வந்தால் போதும். நேற்றுவரை முதுகில் சுமந்து திரிந்த பெயரை இன்றே பிரித்தெடுக்க வேண்டும்.

சிவநாதன் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிற கணக்காளர். சிட்னி அணியின் பெரிய நட்சத்திரம் பிரன்னிகன் விலகுகிறான் என்ற செய்தி வந்த காலை, நான் கடை திறக்க முன்னமே வாசலில் நின்றார். நீல ஜேர்சியை மேசையில் போட்டார். அதன் முதுகில் வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்த எழுத்துகள்.

"எடுங்கோ அன்ரி."

"எங்க போறானாம்?" என்று இரண்டாவது மெஷினில் இருந்து றீற்றா கேட்டாள். றீற்றா மன்னார்க்காரி. பல வருஷமாக என் கடையில் தைக்கிறவள். சிட்னி அணியின் ஆட்டம் ஒன்றையும் தவறவிடமாட்டாள். ஆட்டம் போனில் ஓடுகிற நாட்களில் அவளுடைய மெஷின் பந்தோடு சேர்ந்து ஓடும்.

"மெல்பேர்ணுக்கு."

"மெல்பேர்ணுக்கோ? துரோகி! வேற எங்கயும் போயிருந்தா மன்னிக்கலாம்."

ஜேர்சியைப் பறித்தெடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். பிரித்த எழுத்துகளை நான் பிஸ்கற் தகரம் ஒன்றில் போட்டேன். எழுத்தை எறிய எனக்குக் கை வருவதில்லை. சிவநாதன் முதல் எழுத்து வரைதான் பார்த்தார். பிறகு கதிரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்.

"செத்தவீட்டில கூட நான் இப்பிடி முகத்தைத் திருப்பினதில்லை, அன்ரி."

வெயில் செய்த வேலை

கிரேக் குப்பை லொறி ஓட்டுகிற வெள்ளைக்காரன். எங்கள் கடைக் கதவால் சற்றுச் சரிந்துதான் உள்ளே வர வேண்டும், அத்தனை தோள். அவனுடைய ஜேர்சியும் பிரன்னிகன்தான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டே ஐந்தாறு கோடைகாலம் வேலைக்குப் போயிருக்கிறான். எழுத்துகளைக் கழற்றியதும் நானும் றீற்றாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். வெயில் பட்ட துணி முழுவதும் வெளுத்திருந்தது. எழுத்துகள் மூடியிருந்த இடம் மட்டும் கடையில் வாங்கிய நாளின் கடும் நீலம். பிரன்னிகன் என்ற பெயர் முன்பைவிடத் துலக்கமாகத் தெரிந்தது.

திரும்பத் தோய்த்தால் போகுமா என்று கேட்டான். போகாது என்றேன். வெயிலில் காயப்போட்டால்? மற்ற இடமும் சேர்ந்து வெளுக்கும், வித்தியாசம் அப்படியே இருக்கும் என்றேன். பிறகு ஜேர்சியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னான்: "பரவாயில்லை. என்னுடைய முதல் மனைவியும் இப்படித்தான்."

அர்ச்சனை

சிவநாதனின் ஜேர்சியை எடுக்க வந்தது அவருடைய மனைவி மாலதி. பெயர் இல்லாத முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு விஷயம் சொல்கிறேன், அவரிடம் கேட்டுவிடாதீர்கள் என்று தொடங்கினார்.

பிரன்னிகன் போகப்போகிறான் என்ற கதை அடிபடத் தொடங்கியதும் சிவநாதன் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறார். அவனுடைய பெயரில் அர்ச்சனைச் சீட்டு எடுத்திருக்கிறார். நட்சத்திரம் வேண்டுமே என்று பிறந்த நாளைத் தேடி, இணையத்தில் கணித்து, திருவாதிரை என்று கண்டுபிடித்திருக்கிறார். ஐயர் கோத்திரம் கேட்கவில்லை, நல்ல மனிதர். எதற்காக என்று மட்டும் கேட்டிருக்கிறார். ஊரை விட்டுப் போகாமல் இருக்க என்று சொல்ல வெட்கப்பட்டு, இவர் "உத்தியோக விஷயம்" என்று இழுத்திருக்கிறார். ஐயரும் உத்தியோக உயர்வு வேண்டி மனமாரப் பூசை செய்துவிட்டார். அடுத்த கிழமையே மெல்பேர்ண் அணி பிரன்னிகனுக்கு இங்கே ஒருவரும் கொடுக்காத ஒப்பந்தத்தை நீட்டியது.

"முருகன் கேட்டதைக் குடுத்திட்டார். இவருக்குத்தான் கேக்கத் தெரியேல்லை," என்றார் மாலதி.

றீற்றா நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னாள்: "எங்கட அந்தோனியாரிட்டச் சொல்லியிருக்கலாம். துலைஞ்ச சாமான் எண்டு அவரே கொண்டுவந்து வீட்டில விட்டிருப்பார்."

கைதட்டாத உத்தியோகம்

கார்த்திக் சென்னைப் பையன். கணினி வேலை. வைகாசி முடியும் தறுவாயில் பிரன்னிகனின் புது மெல்பேர்ண் ஜேர்சியோடு வந்தான். தோள் பெரிதாக இருக்கிறது, பிடிக்க வேண்டும் என்றான். தற்செயலாகச் சிவநாதனும் காற்சட்டை கட்டையாக்க வந்து நின்றார். சைவக் கடைக்குள் மீன் பொதி வந்ததுபோல மூக்கைச் சுளித்தார்.

"தம்பி, சிட்னியில இருந்துகொண்டு இதைப் போடுவீரோ?"

"நான் பிளேயருக்குத்தான் ஃபேன் சார், ஊருக்கு இல்ல. அவர் எங்க போறாரோ நானும் அங்க. நீங்க வேலை மாறினதே இல்லையா?"

"மாறினனான். நாலு தரம்."

"அப்ப உங்க பழைய ஆபீஸ்ல யாராச்சும் உங்க பேரப் பிரிச்சு எறிஞ்சாங்களா?"

"எனக்கு ஒருத்தரும் கைதட்டேல்லை, தம்பி. கைதட்டு வாங்கினவன் கேக்காமப் போகக்கூடாது."

வழக்கமாக இந்த இடத்தில் றீற்றா பாய்ந்து விழுந்திருப்பாள். துரோகி என்ற சொல்லுக்காக நானும் காத்திருந்தேன். மெஷின் ஓடியது, நின்றது. பந்து கையை விட்டபிறகு வருகிற மௌனம் எனக்குத் தெரியும். அது அப்படியொரு மௌனம். அவள் தலை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"அவனுக்கும் சொந்தக்காரர் அங்க இருப்பினம்தானே. கேக்கப் பயந்திருப்பான்."

றீற்றாவும் பிரன்னிகனும்

அன்று இரவு முழுவதும் அந்த வாக்கியம்தான் எனக்குள் ஓடியது. றீற்றாவின் தங்கச்சி மெல்பேர்ணில், டண்டினோங் பக்கம், கல்யாண உடுப்புக் கடை திறந்திருந்தாள். முன்பெல்லாம் தங்கச்சி எடுத்தால் கடை முழுக்கக் கேட்கும்படி பேசுகிறவள், இப்போது போனைத் தூக்கிக்கொண்டு பின் ஒழுங்கைக்குப் போகிறாள். இத்தனையும் கண் முன்னால் நடந்திருக்கிறது. அவள் ஒரு ஆட்டக்காரனுக்குப் பரிந்து பேசிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

எனக்கு அவள் வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் எனக்கு இப்போது முழு இருட்டு. அவள் இல்லாவிட்டால் கோட்டு, சூட்டு, ஜேர்சி ஒன்றும் எடுக்க முடியாது. தலையணை உறையும் திரைச்சீலையும்தான். ஆனால் தொழிலை மட்டும் சொன்னால் அது அரைவாசி உண்மை. மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறந்து, "அன்ரி, இண்டைக்கும் கத்தரிக்காயோ?" என்று கேட்க இந்தப் பெரிய நகரத்தில் எனக்கு வேறு ஆளில்லை. சுவர்ப் பக்கம் கதிரையைத் திருப்பிப்போட்ட சிவநாதனைப் பார்த்து நான் சிரித்தது நினைவுக்கு வந்தது.

மறுநாள் தேத்தண்ணி குடிக்கிற நேரம் நானே தொடங்கினேன்.

"பிரன்னிகன் எப்ப போறானாம்?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். நான் எந்தப் பிரன்னிகனைக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை அன்ரி. பங்கு தாறம் எண்டு சொல்லினம்."

"இங்க அவனுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. அதுதான் அவனுக்கு வாய் வருகுதில்லை."

"போகாத எண்டு இங்க உள்ளவை சொன்னா?"

"நிண்டிடுவான்," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "துரோகி எண்டு சொன்னதை மட்டும் நான் திருப்பி எடுக்கிறன், அன்ரி."

தெரிந்தே கேட்டது

அந்தச் சனிக்கிழமை மேய்ஸ் ஹில்லுக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது என்ன கேட்பது என்று தெரியவில்லை. நிற்கட்டும் என்று கேட்டால் நின்றுவிடுவாள், அதற்கு முருகன்கூடத் தேவையில்லை, நான் ஒரு வார்த்தை சொன்னாலே போதும். அதுதான் பயமாக இருந்தது.

அர்ச்சனை வரிசையில் எனக்குப் பின்னால் மாலதி நின்றார். ஐயர் பெயர் கேட்டார். றீற்றா என்றேன். ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நட்சத்திரம் தெரியாது என்றேன். மன்னார்க் கத்தோலிக்கர் அதையெல்லாம் எங்கே குறித்து வைத்தார்கள்? பரவாயில்லை, எதற்காக என்றார். "உத்தியோக உயர்வு" என்றேன், தெளிவாக, இழுக்காமல். மாலதி என் கையைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் பதறினார்.

"ஐயோ அன்ரி, கேக்க முன்னம் யோசியுங்கோ! இவர் அதைக் கேட்டுத்தானே நாங்கள் பிரன்னிகனைத் துலைச்சனாங்கள்!"

வெல்க்ரோ

ஆனி முடிய றீற்றா போனாள். கடைசி நாள் எனக்காக ஊசிகள் எல்லாவற்றிலும் நூல் கோத்துக் குஷனில் குத்தி வைத்துவிட்டுப் போயிருந்தாள், கறுப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். அவளுடைய மெஷின் உறையில் அவளே பூப்போட்டுத் தைத்த பெயர் இருக்கிறது. புதிதாக வந்த பெண் அதைப் பிரித்துவிடவா என்று கேட்டாள். கிரேக்கின் ஜேர்சியை நான் அவளுக்குக் காட்டியிருக்க வேண்டும். இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

சில வருஷம் கழிய மெல்பேர்ணில் பிரன்னிகனின் ஒப்பந்தம் தீர்ந்தது. ஒரு சித்திரைக் காலை, கடை திறக்க முன்னமே வாசலில் சிவநாதன் நின்றார். கையில் அதே நீல ஜேர்சி. முகத்தில் மருமகன் சமாதானமாகி வீட்டுக்கு வந்ததுபோல ஒரு சந்தோஷம். அதை மறைக்க ஒரு முறைப்பு.

"வாறானாம் அன்ரி. எழுத்துகள் கிடக்கோ?"

பிஸ்கற் தகரத்தைத் திறந்தேன். எல்லாம் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினேன். நூலை எடுக்கப் போனபோது என் கையைத் தடுத்தார். காற்சட்டைப் பையிலிருந்து, வேண்டும்போது ஒட்டி வேண்டாதபோது பிய்க்கிற வெல்க்ரோப் பட்டி ஒரு சுருளை எடுத்து நீட்டினார்.

"தைக்க வேண்டாம் அன்ரி, ஒட்டி விடுங்கோ. இவங்களை நம்பேலாது."

புறப்படும்போது இரண்டாவது மெஷினைப் பார்த்தார். உறையில் இருந்த பெயரை வாசித்தார். "றீற்றாவும் திரும்பி வருவாவோ?" என்று கேட்டார்.

பிரன்னிகன் சிட்னிக்கு வந்து சேர்ந்த அதே மாதம் றீற்றா டண்டினோங்கில் வீடு வாங்கிவிட்டாள்.