கடைசி வளைவில் நான் போட்ட கூச்சல்

ஒரு பெண் சைக்கிளில் மேடேறிக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்லி அவளை இறக்கிவிட்டேன்.

இவ்வளவுதான் குற்றம். சட்டத்தில் இதற்குப் பிரிவு கிடையாது. ஆனாலும் இதை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

தில்லியைச் சமதரை என்று நினைத்திருப்பீர்கள். தெற்கு விளிம்புக்கு வாருங்கள். ஆரவல்லி என்னும் கிழட்டு மலை அங்கே முதுகைக் கொஞ்சம் நிமிர்த்துகிறது. கைவிடப்பட்ட கல்குவாரிகளுக்கு நடுவே ஒரு சாலை அதன்மேல் ஏறுகிறது. காரில் போனால் மேடென்றே உறைக்காது. சைக்கிளில் போனால்... அப்பா! நெஞ்சின்மேல் யாரோ அம்மியை ஏற்றி வைத்து, மூச்சு விடு பார்க்கலாம் என்பதுபோல!

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஞாயிறு விடியலில் எங்கள் குழு கிளம்பும். மேட்டின் உச்சியில் நிற்கும் சாயா வண்டிதான் இலக்கு. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எப்போதும் எல்லாருக்கும் கடைசியாக வரவேண்டும். பின்தங்கியவர் நின்றால் அவரும் நிற்க வேண்டும், இறங்கித் தள்ளினால் அவரும் இறங்கித் தள்ள வேண்டும். இளைஞர்களுக்கு அந்த வேலை வேப்பங்காய். நானோ கேட்டு வாங்கிக்கொண்டேன்.

“அங்கிள் கிரேட் யா! ஹமேஷா பின்னாடிதான் வருவார், எல்லாரையும் பார்த்துக்குவார்” என்பான் மணிகண்டன். குழுவை நடத்துகிறவன், தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன்.

கருணை என்று நினைத்துக்கொண்டார்கள். கருணையா! அந்த மேட்டை நான் ஒருமுறைகூடக் கால் ஊன்றாமல் ஏறியதில்லை. அதுதான் உண்மை. முன்னால் போகிறவர் எப்போது தளர்வார், எப்போது இறங்குவார் என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். இறங்கியதும், “பரவாயில்லை, நானும் கூட வர்றேன்” என்று பெருந்தன்மையோடு குதித்துவிடுவேன். அந்த மேட்டைப் பற்றி உருகி உருகி எழுதி, குழுவுக்கு அனுப்பி, கைதட்டலும் வாங்கியவன் நான். ஏறாத மேட்டின் கவிஞன்!

பிறகு கலைச்செல்வி வந்தாள். மதுரைக்காரி. ஏதோ அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. நாற்பதைத் தாண்டிப் புதிதாய்ச் சைக்கிள் வாங்கியவள். குழுவில் அவளே மெதுவானவள். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குப் பின்னால் நான்.

சாலையோரப் புதர்களைக் காட்டி முதல் நாளே சிரித்தாள். “என்னண்ணே, இங்கயும் நம்ம கருவேலந்தானா? இதப் பாக்கவா ரெண்டு நாள் ரயிலேறி வந்தோம்!”

அந்த மேட்டில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

“நீ மேம்பாலமே ஏற மாட்ட, மலை ஏறப்போறியாக்கும்னு வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாருண்ணே. இந்த ஒரு மேட்ட மட்டும் கால ஊனாம ஏறிட்டேன்னா போதும். பெறகு அந்த மனுசன் என்ன வேணாலும் பேசிட்டுப் போகட்டும்.”

சில வாரங்கள் பாதியில் இறங்கினாள். நானும் இறங்கினேன். எவ்வளவு நிம்மதி எனக்கு!

அந்த ஞாயிறு அவள் இறங்கவில்லை.

பாதி வழி தாண்டியது... இறங்கவில்லை. குவாரிச் சரிவு தாண்டியது... இறங்கவில்லை. கியரைக் குறைத்து, தலையைக் குனிந்து, தையல் இயந்திரம் மிதிப்பவளைப்போல் ஒரே சீராக மிதித்தாள். எனக்குத் தொடை எரிந்தது, கண் இருண்டது, எங்களுக்கு இடையே தூரம் கூடிக்கொண்டே போனது. கடைசி வளைவு. அதைத் திரும்பினால் சாயா வண்டி. எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் மிதித்துக்கொண்டு போவாள். பின்னாலேயே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நான்!

கூச்சல் போட்டேன்.

“கலை! நில்லும்மா! தள்ளாடுற! முகமெல்லாம் வெளுத்துப்போச்சு, இறங்கு, உடனே இறங்கு!”

அவள் தள்ளாடவில்லை. முகமோ... யோசித்துப் பாருங்கள், பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவள் முகத்தை எப்படிப் பார்ப்பான்? அவளுக்கு அது தோன்றவில்லை. என்னை நம்பினாள். காலை ஊன்றினாள். ஊன்றிய பிறகுதான் அவள் முகம் உண்மையாகவே வெளுத்தது.

மேலே போனதும் மணிகண்டன் என்னைக் கட்டிக்கொண்டான். “அங்கிள் பச்சா லியா!” காப்பாற்றிவிட்டேனாம். அவளுக்குச் சர்க்கரை அதிகம் போட்டுச் சாயா கொடுத்தார்கள். தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வளைவுக்கு அந்தப்பக்கம் வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தவள் அவள்!

மருத்துவரிடம் போனாள். எல்லாப் பரிசோதனையும் எடுத்தாள். ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்பதைத்தான் அவள் நம்பவில்லை. குழுவுக்கு வருவது நின்றது.

போன கோடையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பார்த்தேன். கணவனும் கூட இருந்தார். நான் விலகப் பார்த்தேன், அவள் பார்த்துவிட்டாள். அவர் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். சிரிக்கிற ஆள் என்று நினைத்திருந்தேன். கண் கலங்கியது அவருக்கு.

“நீங்க மட்டும் அன்னைக்கு இல்லேன்னா சார்... நான் வேற கேலி பேசிப் பேசி இவள ஏத்தி விட்டுட்டேன். இப்பல்லாம் மாடிப்படி ஏறுனாக்கூட நானே பின்னால போறேன்.”

அவள் வெங்காயத்தைப் பொறுக்கியபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: “அண்ணே... இன்னொரு தடவ ஏறிப் பாக்கவாண்ணே? பக்கத்துல வந்து பாத்தவுக நீங்கதான். நீங்க சொன்னாச் சரி.”

ஒரு வாக்கியம் போதும். ‘அன்று உனக்கு ஒன்றுமே ஆகவில்லை.’ அது தொண்டை வரை வந்தது. சத்தியமாக வந்தது! எதிரே அந்த மனிதரின் நன்றி நிறைந்த முகம். என் கைகளை அவர் இன்னும் விடவில்லை...

“எதுக்கும்மா ரிஸ்க்?” என்றேன்.

அவள் பொறுக்குவதை நிறுத்தினாள்.

“அப்ப சைக்கிள வித்துரலாம்ங்க” என்றாள் கணவனிடம்.

அவர் நிம்மதியாய் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. முடிவை உறுதிசெய்துகொள்ள இருவரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் தலையை ஆட்டினேன்.