முள்ளம்பன்றி வளையும் குழிக்காரரும்

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவரை எல்லோரும் குழிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட "குழிக்காரர் வீடு எது?" என்று விசாரித்துத்தான் வந்தார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "எப்படியும் ஒரு நாள் என்கிட்டதானே வரணும்" என்று சிரிப்பார்.

மனைவியையும் அங்கேதான் அடக்கம் செய்திருந்தார், மேற்குச் சுவரோரம். மகள் வெளியூரில் தையல் வேலைக்குப் போய்விட்ட பிறகு, வேலை ஓய்ந்தால் அந்தப் பக்கம் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

மழை விட்ட ஒரு காலையில் அங்கே களை பறிக்கப் போனபோது, புதர் மறைவில் ஒரு வளை தெரிந்தது. வாயில் புது மண். மண்ணில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நீள முள். பக்கத்தில் கடித்துச் சுரண்டிய எலும்புகள். பெரும்பாலானவை சுவருக்கு அப்பால் கறிக்கடைக்காரர் கொட்டுகிறவை. ஆனால் ஒன்று ஆட்டுடையதும் இல்லை, மாட்டுடையதும் இல்லை. முன்கை எலும்பு. அதன் மேல் உளியால் இழைத்ததுபோல் பல் தடம். வளை நேராக மனைவியின் கல்லுக்கு அடியில் போயிருந்தது.

குழிக்காரர் கொட்டகையிலிருந்து காய்ந்த சருகை வாரி வந்து வளையில் திணித்தார். தீக்குச்சியை உரசப் போகும்போது உள்ளிருந்து கலகலவென்று ஒரு சத்தம், காய்ந்த நெற்றுகளைக் குலுக்கியதுபோல். கூடவே தரையை உதைக்கும் சத்தம். கை நின்றுவிட்டது. சருகைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வனத்துறைக்குப் போன் செய்தார்.

வந்தவர் ஓர் இளம்பெண். எலும்பைப் பார்த்தார், குழிக்காரரின் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இது பசிக்குத் தின்னதில்லைங்க ஐயா. அது தின்கிறது வேரு, கிழங்கு, பட்டைதான். ஆனா முன்பல்லு சாகுற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும். எதையாவது கடிச்சுத் தேய்க்கணும். எலும்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் அதுக்கு வேணும்."

"அதுக்கு என் பொண்டாட்டிதான் கிடைச்சாளா?"

அந்தப் பெண் எலும்பை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் கொடுத்தார்.

பொழுது சாயும்வரை இருவரும் மரத்தடியில் காத்திருந்தார்கள். முதலில் மூக்கு வந்தது. பிறகு சரசரவென்று பெரிய முள்ளம்பன்றி. அதன் பின்னால் இன்னொன்று. நடுவில் ஒரு குட்டி, முள் இன்னும் குட்டையாக.

"பொறக்கறப்போ முள்ளு முடி மாதிரி மெத்துனு இருக்கும். அப்புறம்தான் கெட்டியாகும்" என்றார் அந்தப் பெண். "ஆணும் பொண்ணும் சேந்துதான் குட்டியைப் பாத்துக்கும். ஒண்ணை விட்டு ஒண்ணு போகாது."

குழிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் வரச் சொன்னதால் மறுநாள் மகள் வந்தாள். அவர் எதையும் மறைக்கவில்லை. துணியில் சுற்றி வைத்திருந்த எலும்பைக் காட்டினார்.

"பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க? தீ வெச்சுக் கொளுத்த வேண்டியதுதானேப்பா!"

"உள்ள குட்டி இருக்கும்மா."

துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அம்மா இருந்திருந்தா அவளும் வேணாம்னுதான் சொல்லியிருப்பா" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதாள்.

அன்று அவர் மண்வெட்டியை மகளிடம் கொடுத்தார். வளை இடியாதபடி பக்கவாட்டில் மகள்தான் தோண்டினாள். மிச்சமிருந்ததை எல்லாம் சேர்த்து, கிழக்குப் பக்கம் பாறை மண்ணில் புதுக் குழி வெட்டி, அடியிலும் மேலேயும் பலகைக் கல் பாவி அடக்கம் செய்தார்கள்.

குட்டி வளர்ந்ததும் முள்ளம்பன்றிகள் வேறு எங்கோ போய்விட்டன. வளையைக் குழிக்காரர் கல் போட்டு மூடினார். அதன்பிறகு அவர் வெட்டிய ஒவ்வொரு குழியும் முன்னைவிட ஒரு முழம் ஆழம். ஏன் என்று கேட்டவர்களிடம், "மண்ணு இளக்கமா இருக்குங்க" என்று மட்டும் சொல்வார்.