எல்லார் போனிலும் தேடச் சொன்னவர்

சங்கரன்கோவிலில் ரயில் ஏறியதும் எதிரே அமர்ந்தவர் கேட்டார்: "எம்மா, ஒங்க போனைக் கொஞ்சம் தாரியளா?"

போன் கேட்பவர்களில் மூன்று வகை: சார்ஜ் தீர்ந்தவர், வழி தவறியவர், பணத்தை உருவுகிறவர். கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்த அவரை மூன்றாவதில் சேர்த்தேன். தரவில்லை.

"சரி, நீங்களே தேடுங்க. சங்கரன்கோவில் பருத்திச் சேலை மொத்த வியாபாரம்னு போடுங்க. என் வெப்சைட்டுதான் முதல்ல நிக்கும். நானே கத்துக்கிட்டு ஏத்துனது."

தன் போனில் தேடிக் காட்டினார்; அதில் முதலில்தான் இருந்தது. என் போனில் இரண்டாம் பக்கத்திலும் இல்லை.

"தினமும் நீங்க அதையே தொறந்து பாக்கீங்க அண்ணாச்சி. அதான் ஒங்க போன் முன்னால காட்டுது."

"நீங்க எங்கன வேல பாக்கிய?"

"வெப்சைட் செய்யிற கம்பெனில."

"அதான பாத்தேன். பயங்காட்டி ஆள் பிடிக்கிய!"

எழுந்து போய்ப் பெட்டியிலிருந்த ஒவ்வொருவரையும் தேடச் சொன்னார். முகம் சுருங்கித் திரும்பி வந்தார்.

"ஒரு ஆர்டரும் வராதது இதனாலதானா?"

தேடும்போது கூகுள் முதலில் படிப்பது பக்கத்தின் தலைப்பை; அவருடையதில் 'முகப்பு' என்று மட்டும் இருந்தது. அதில் ஊரையும் சரக்கையும் எழுதச் சொன்னேன்.

"எழுதுனா நாளைக்கே முதல்ல வந்திருமா?"

"வராது. மேல ஏறவே சில மாசம் ஆகும். முதல்ல வரும்னு நான் சொல்லமாட்டேன்."

என்னையே பார்த்தார். "வராதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்றபடி அங்கேயே மாற்றத் தொடங்கினார்.

கடவுச்சொல் அடிக்கும்போது மட்டும் போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். எனக்கு அவரை அப்போதுதான் பிடித்துப்போனது.